பச்சையாக இருந்த சனிக்கிழமை

போன ஆவணியில் ஒரு சனிக்கிழமை மதியம், உத்திரமேரூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது இது. அன்றைக்கு மண்டபத்து ஆட்கள் என்று அங்கே இருந்தவர்கள் மூன்று பேர்: வாட்ச்மேன், கூட்டிப் பெருக்கும் அக்கா, நான். இருந்திருக்க வேண்டிய இரண்டு பேர் இல்லை. ஓனர் கண் ஆபரேஷன் முடிந்து சென்னையில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தார். போன் சுவிட்ச் ஆஃப். மேனேஜர், மகளுக்குப் பிரசவ வலி என்று முந்தின நாளே செங்கல்பட்டுக்கு பஸ் ஏறிவிட்டார்.

நான் மண்டபத்தில் சம்பளம் வாங்குபவன் இல்லை. பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் வேலை செய்கிறேன். பி.சி.ஏ. முடித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான்தான். அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். அவருக்கு மண்டபத்துக்கு நேர் எதிரே இருக்கும் ரைஸ் மில்லில் நெல் காயவைக்கும் வேலை. மண்டபத்து ஓனருக்கு என்னைத் தெரிந்ததும் நைனா மூலமாகத்தான். "உன் புள்ள கம்ப்யூட்டர் படிச்சிகீறானாமே, நம்ம மண்டபத்துக்கு புக்கிங் பாக்கற மாதிரி எதுனா செஞ்சி குடுக்கச் சொல்லு" என்று மில் வாசலில் கேட்டிருக்கிறார். நைனாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை, சந்தோஷத்தில்.

ஓனர் ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். இன்டர்நெட் வேண்டாம். மாதா மாதம் யார் கட்டுவது, பாதி நாள் லைன் இருக்காது. மண்டபத்து ஆபீசில் இருந்த கம்ப்யூட்டரோ அவர் மகன் காலேஜ் படிக்கும்போது வாங்கியது. ஆன் செய்துவிட்டு டீ குடித்துவிட்டு வரலாம். அந்த ஒரே மெஷினில், வேறு எதையும் நம்பாமல், தனியாக ஓடுகிற புரோகிராமாக இருக்க வேண்டும்.

அப்போதுதான் தகவலை எப்படிச் சேமிப்பது என்ற கேள்வி வந்தது. இப்படி ஒரு முடிவை நானாக எடுப்பது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. என்னோடு படித்த நண்பன் ஒருவன் சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான். அவனிடம் போனில் கேட்டேன்.

"ஒரே ஃபைல்ல அடங்கற சின்ன டேட்டாபேஸ் எவ்ளோ கீது, அதுல ஒண்ண வச்சிக்கோடா. எப்ப ஆரம்பிக்குது, எப்ப முடியுது, ரெண்டு நேரத்தையும் தனித்தனியா போடு. முடிஞ்சி போச்சி."

"இந்த ஓட்டை மெஷினுக்கு டேட்டாபேஸா? சும்மா இருடா. நான் பண்றேன் பாரு" என்றேன்.

நான் செய்தது இதுதான். ஒரு வருடத்துக்கு ஒரே ஒரு வரி. நாள் ஒன்றுக்கு ஒரு எழுத்து. மண்டபம் காலியாக இருந்தால் பூஜ்யம், புக் ஆகிவிட்டால் ஒன்று. ஒரு வருட புக்கிங் முழுவதும் முந்நூற்று அறுபத்தைந்து எழுத்தில் அடங்கிவிட்டது. பார்ட்டியின் பெயர், போன் நம்பர், அட்வான்ஸ் எல்லாம் இன்னொரு ஃபைலில், தேதி வாரியாக. காலண்டரைத் திறந்தால் அந்தப் பழைய மெஷினிலும் கண் சிமிட்டும் நேரத்தில் மாதம் முழுக்க வந்து நிற்கும். காலி நாள் பச்சைக் கட்டம், புக் ஆன நாள் சிவப்புக் கட்டம்.

மேனேஜர் பார்த்துவிட்டு, "டிராஃபிக் லைட்டு மாதிரி கீதுபா! கண்ணாடி போடாமலே தெரியுது" என்றார். ஓனர் என் முதுகில் தட்டினார். நைனா மில்லில் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். அந்த ஒரு வரியை நான் எத்தனை தடவை திறந்து திறந்து பார்த்து ரசித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. ஒரு எழுத்தைக்கூட வீணாக்கவில்லை.

எங்கள் பக்கம் கல்யாணத்துக்குத் தேதி சொன்னால் அது முகூர்த்தத் தேதி. ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் என்றால், சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கே சாவி கொடுத்துவிட வேண்டும். அன்று சாயங்காலம் அழைப்பு, நலங்கு, இரவு விருந்து. மறுநாள் காலையில் தாலி கட்டி, மதியச் சாப்பாடு முடிந்து காலி செய்வார்கள். அவர்கள் போனதும் கழுவி விட்டால், திங்கட்கிழமை முகூர்த்தக்காரர்கள் உள்ளே வந்துவிடலாம். ஒரு கல்யாணத்துக்கு ஒரு கட்டம். கச்சிதமாகப் பொருந்தியது. எட்டு மாதமாக ஒரு சின்னத் தப்புகூட வரவில்லை.

ஆனி மாதத்தில் ஒரு நாள் பிரிண்டர் ஓடவில்லை என்று மேனேஜர் கூப்பிட்டிருந்தார். நான் போனபோது அவர் சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து உள்ளூர்க்காரர் ஒருவர் வந்தார். தம்பிக்குத் திருத்தணியில் கோயிலில் கல்யாணம், இங்கே சனிக்கிழமை ரிசப்ஷன் மட்டும் வைக்க வேண்டும் என்றார். நான் காலண்டரைத் திறந்தேன். சனிக்கிழமை பச்சை. பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமை ஏற்கெனவே சிவப்பு, பெருநகர் என்ற பக்கத்து ஊர்ப் பார்ட்டியின் கல்யாணம். சனி மேல் மவுஸை வைத்து ஒரு தட்டு தட்டினேன். சிவப்பானது. ரசீது அச்சடித்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். மண்டபத்து ரசீதில் என் கையெழுத்து! அதை ஒரு போட்டோ வேறு எடுத்து வைத்துக்கொண்டேன்.

இப்போது அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன்.

மதியம் மேனேஜர் ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தார். "தம்பி, இன்னும் கொயந்த பொறக்கல, நான் வர முடியாது. மூணு மணிக்கு பெருநகர் பார்ட்டி வருவாங்க. ஆபீஸ் டிராயர்ல சாவிக்கொத்து கீது. மணப்பொண்ணு ரூமு, மாப்ள ரூமு, சமையக்கட்டு, எல்லாத்தையும் தொறந்து குடுத்துடு. அவ்ளோதான் வேல." நான் சென்டரில் அனுமதி கேட்டுக்கொண்டு சைக்கிளை மிதித்தேன். ஆனியில் நான் கொடுத்த ரசீது சுத்தமாக மறந்துபோயிருந்தது.

மண்டபத்து வாசலில் பூ அலங்காரம் நடந்துகொண்டிருந்தது. பரவாயில்லை, பெருநகர்க்காரர்கள் சீக்கிரமே ஆள் அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன். சமையல்கட்டில் அடுப்புகள் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தன. மேடையில் சோபா போட்டு, பின்னால் தெர்மாகோல் எழுத்தில் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். படித்தேன். பெருநகர் பெண்ணின் பெயர் இல்லை.

"அண்ணே, இவங்க யாரு?" என்று வாட்ச்மேனைக் கேட்டேன்.

"என்ன கேட்டா? காலைலயே வந்துட்டாங்கோ. ரசீது காட்டினாங்கோ, உன் கையெய்த்து இருந்திச்சி. தொறந்து வுட்டேன். இன்னாத்துக்கு மூஞ்சி இப்டி போவுது?"

நான் பதில் சொல்வதற்குள் வெளியே ஹார்ன் சத்தம். ஒரு வேன், அதன் பின்னால் பாத்திரங்கள் ஏற்றிய ஒரு மினி லாரி. வேனிலிருந்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் இறங்கினார். பெண்ணின் அப்பா. பெருநகரில் விவசாயம் செய்பவர். அதற்குள் வாசலிலும் தொங்கவிட்டிருந்த பெயரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் பெயரைப் பார்த்தார்.

இன்றைக்கும் நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, அந்த நேரத்தில் என் வாயிலிருந்து வந்த வார்த்தை இது: "உங்களுக்கு நாளைக்குத்தானே சார்?"

"இன்னா தம்பி பேசற? நாளைக்கு வெடிகாலைல முகூர்த்தம். ராவுக்கு பொண்ண எங்க கொண்டும்போயி உக்கார வெக்கறது? ஏரிக்கரைலயா?"

எனக்கு அப்போதுதான் புரிந்தது. சனிக்கிழமை சாயங்காலம் என்பது என் காலண்டரில் இரண்டு கட்டத்திலும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கட்டம் உண்மையில் சனிக்கிழமை மதியமே ஆரம்பித்துவிடுகிறது. அதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்ல என் ஒற்றை எழுத்தில் இடமே இல்லை. எத்தனையோ கல்யாணத்தில் பந்தி பரிமாறியிருக்கிறேன். முந்தின நாள் இரவு விருந்துக்கு இலை போட்டிருக்கிறேன். எல்லாம் எனக்குத் தெரிந்த விஷயம்தான். கட்டம் பச்சையாக இருந்தது, அதனால் நான் யோசிக்கவில்லை. அவ்வளவுதான்.

மேனேஜருக்கு போன் போட்டேன். "சனிக்கெயம சேப்பா இருந்தத பாத்தேன். காதுகுத்தா இருக்கும், மத்தியானம் சாப்ட்டுட்டு கெளம்பிடுவாங்கன்னு நெனச்சிட்டேன்பா" என்றார். அந்தக் கட்டத்தில் நேரம் என்று ஒன்று இருந்தால்தானே அவர் வேறு மாதிரி நினைப்பதற்கு?

அதற்குள் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. ரிசப்ஷன் வீட்டு அண்ணன், அதாவது என்னிடம் ரசீது வாங்கியவர், கைலியோடு ஓடி வந்தார். அவரும் ரசீதை நீட்டினார். பெண்ணின் அப்பாவும் ரசீதை நீட்டினார். இரண்டும் என் பிரிண்டரில் வந்தவை. இரண்டும் சரியான ரசீதுகள்.

"எய்நூறு பேருக்கு பத்திரிக வச்சிகீறோம். இப்ப வந்து காலி பண்ணுன்னா? இன்னா வெளாட்றீங்களா?"

"நாங்க ஆறு மாசத்துக்கு முன்னாடி அட்வான்ஸ் குடுத்தவங்கோ. நீ காலி பண்றியா, நான் பண்ண வைக்கட்டுமா?" இது பெண்ணின் சித்தப்பா. சொல்லிக்கொண்டே என் சட்டைக் காலரைப் பிடித்தார். "கம்ப்யூட்டரு வச்சிகினு கீறானுங்களாம் கம்ப்யூட்டரு! ஒரு காலண்டர்ல கோடு போட்டிருந்தாகூட தெரிஞ்சிருக்கும்!"

பெண்ணின் அப்பா மட்டும் கத்தவில்லை. சித்தப்பாவின் கையை எடுத்துவிட்டு என்னை ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, எங்க பக்கம் மாப்ள வூட்லதான் கல்யாணம் பண்ணுவாங்கோ. உனுக்கே தெரியும். இத நாங்களே பண்றோம்னு வாயி வுட்டு கேட்டு வாங்கிகீறேன். ரெண்டு தபா நின்னு போயி கூடி வந்த சம்மந்தம். மாப்ளயோட மாமன் எதுனா சாக்கு கெடைக்குமான்னு பாத்துகினு கீறாரு. அவங்க பஸ்ஸு அஞ்சி மணிக்கு செங்கல்பட்டுல கெளம்புது. வந்து எறங்கறப்ப வாசல்ல வேற பேரு தொங்கினா, அந்த மனுஷன் அப்டியே பஸ்ஸ திருப்பிடுவாரு. எம்பொண்ணு வேன்ல கீது. எதுனா பண்ணு."

நான் வேனைப் பார்த்தேன். மஞ்சள் பூசிய முகத்தோடு ஜன்னல் ஓரமாக அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் எங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் கேட்டிருக்க வேண்டும். என் வயசுதான் இருக்கும். நான் மிச்சம் பிடித்த சில எழுத்துகளால் ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றுவிடப்போகிறது என்று அந்த நிமிஷம் உண்மையாகவே நம்பினேன்.

ஊரில் இருக்கிற மற்ற மண்டபங்களுக்கெல்லாம் போன் போட்டோம். ஆவணி முகூர்த்தம், எங்கே காலியாக இருக்கும்? ஒரு மண்டபத்தில் சிரித்தே விட்டார்கள். "அடுத்த வருஷத்துக்கு வேணும்னா சொல்லு, எய்திக்கறேன்."

நான் வாசல் படியில் உட்கார்ந்துவிட்டேன். எதிரே மில் களம் தெரிந்தது. நல்ல அகலமான சிமென்ட் களம். சொர்ணவாரிப் பட்டத்தில் அறுத்த நெல் களம் முழுக்கப் பரப்பிக் கிடந்தது. நைனா காலால் நெல்லைத் துழாவி விட்டுக்கொண்டே போய்க்கொண்டிருந்தார். இவ்வளவு நடந்தது அவருக்கு இன்னும் தெரியாது. பார்த்துக்கொண்டே இருந்தவன் எழுந்து ரோட்டைத் தாண்டி ஓடினேன்.

"நைனா, இந்தக் களம் எனுக்கு வேணும். இப்பவே."

"இன்னாடா ஒளற்ற? வெயிலு ஏறிச்சா?"

சொன்னேன். அவர் முகம் மாறியதை நான் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. மில் முதலாளியைப் போய்ப் பார்த்தோம். அவர் மண்டபத்து ஓனருக்குச் சிநேகிதர். "நெல்ல வாருங்க, ஆனா ஒண்ணு. ஈரம் இன்னும் போவல. குமிச்சி தார்ப்பாய் போட்டா சூடு ஏறிடும். கெட்டுப்போனா யாரு பாத்துக்கறது?" என்றார். "மண்டபம் பாத்துக்கும்" என்றேன். ஓனரைக் கேட்கவில்லை. கேட்க முடியவில்லை. என் வாயால் அப்படிச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று இன்றைக்கும் தெரியவில்லை.

களம் கிடைத்தது. ஆனால் யார் களத்துக்குப் போவது? திரும்பி வந்து சொன்னேன். ரிசப்ஷன் அண்ணன் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "ஏசி ஹால்னு பத்திரிகைல போட்டுட்டு, நெல்லு காயற எடத்துல என் தம்பிய உக்கார வெப்பியா? எங்க சொந்தக்காரன்லாம் வாயால சிரிப்பானா? அவங்கள போவச் சொல்லு களத்துக்கு!"

"களத்துல எங்கியா அக்கினி வளத்து தாலி கட்றது? நீங்கதான் ஏற்கெனவே கட்டியாச்சே!" என்றது வேன் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல்.

"கட்டியாச்சின்னா ரோட்ல நிக்கணுமா?"

மறுபடியும் கை ஓங்குகிற நிலைமை. அப்போதுதான் ஒரு ஆட்டோ வந்து நின்றது. பியூட்டி பார்லரிலிருந்து தலை அலங்காரம் முடித்துக்கொண்டு ரிசப்ஷன் பெண் வந்து இறங்கினாள். கல்யாணம் ஆகி இரண்டு நாள்தான். ஊர் ஆரணிப் பக்கம். இங்கே அவளுக்கு யாரையும் தெரியாது. என்ன சண்டை என்று கேட்டாள். ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அவள் பாதியிலேயே தலையைத் திருப்பி வேனைப் பார்த்தாள். பிறகு பட்டுப் புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு நேராக வேனிடம் போய், ஜன்னலில் இருந்த பெண்ணிடம் ஏதோ கேட்டாள். என்ன என்று எங்களுக்குக் கேட்கவில்லை. அந்தப் பெண் தலையை மட்டும் ஆட்டினாள். அழுதுகொண்டிருந்தாள்.

திரும்பி வந்து, புருஷனின் அண்ணனிடம் சொன்னாள்: "மாமா, நாம அங்க போயிடலாம்."

"நீ சும்மா இரும்மா. உனுக்கு தெரியாது."

"எனக்கு இதுதான் மாமா தெரியும். முந்தாநாளு நானும் இப்டித்தான் உக்காந்திருந்தேன். உங்க வூட்டு வண்டி வர கொஞ்சம் லேட்டாச்சி. அதுக்கே வயித்துல புளிய கரைச்சிடுச்சி. அந்தப் பொண்ணு எவ்ளோ நேரமா உக்காந்துகினு கீது! ஏசி இல்லன்னா இன்னா, எனக்கு காத்து வந்தா போதும்."

அவள் புருஷன், அதுவரை வாசலில் ஓரமாக நின்றிருந்தவர், மேடைப் பக்கம் போய் தெர்மாகோல் எழுத்துகளைப் பிய்க்க ஆரம்பித்தார். அண்ணன் முறைத்தார். அப்புறம் கைலியை மடித்துக் கட்டினார். "டேய் கம்ப்யூட்டரு! நிக்கிற பாரு, சோபாவ தூக்குடா!"

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. களத்தில் நைனாவும் அவர் கூட்டாளிகளும் பலகை போட்டு நெல்லைத் தள்ளித் தள்ளிக் குவித்தார்கள். பெருநகர்ச் சித்தப்பா, என் காலரைப் பிடித்தவர், சட்டையைக் கழற்றிவிட்டு அவர்களோடு இறங்கினார். "நாங்கலாம் இதுலயே பொறந்து வளந்தவங்கோ. கூடைய குடு!" பந்தல்காரருக்கு போன் போட்டு சீரியல் லைட்டும் சேரும் ஜெனரேட்டரும் வரவழைத்தோம். கொதிக்கிற சாம்பார் அண்டாவை நான்கு பேர் கம்பில் கோத்துத் தூக்கிக்கொண்டு ரோட்டைத் தாண்ட, வாட்ச்மேன் நடுரோட்டில் நின்று விசில் ஊதி காஞ்சிபுரம் பஸ்ஸை நிறுத்தினார். டிரைவர் எட்டிப் பார்த்து, "இன்னாபா, சாம்பாருக்கு ஊர்வலமா?" என்றார். சிரிக்க எனக்குத் தெம்பில்லை.

சமையல்கட்டில் ரிசப்ஷன் சமையல்காரர் கரண்டியோடு வெளியேற, கல்யாணச் சமையல்காரர் உள்ளே நுழைந்தார். "அண்ணே, அடுப்ப அணைக்காம குட்த்துட்டு போ, இப்டியே உலை ஏத்திடறேன்" என்று அவர் கேட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

செங்கல்பட்டு பஸ் வந்து நின்றபோது இருட்ட ஆரம்பித்திருந்தது. வாசலில் பெருநகர்ப் பெண்ணின் பெயர் தொங்கியது. கடைசி எழுத்தை ஒட்டிய பசை இன்னும் காய்ந்திருக்காது. ஆரத்தித் தட்டோடு பெண்கள் நின்றார்கள். மேளம் அடித்தது. நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன். என் சட்டை முழுக்க நெல் தூசு.

மாப்பிள்ளையின் மாமா இறங்கினார். எதிர்ப்பக்கம் களத்தில் லைட் எரிவதையும் கூட்டத்தையும் பார்த்துவிட்டு நின்றார்.

"எதுத்தாப்ல இன்னா விசேஷம்?"

பெண்ணின் அப்பா முகத்தில் ஒரு சின்ன அசைவுகூட இல்லை. "ரிசப்ஷனாம். பாவம், மண்டபம் கெடைக்கலியாம்."

"ஆமா, இந்த சீசன்ல எங்க கெடைக்கும்? நீங்க உசாரா புடிச்சிட்டீங்க" என்று சொல்லிவிட்டு மாமா செருப்பைக் கழற்றினார்.

மறுநாள் விடியற்காலையில் தாலி ஏறியது. கெட்டிமேளச் சத்தம் கேட்டபோது நான் சமையல்கட்டுக்குப் பின்னால் தண்ணீர்க் குழாயடியில் உட்கார்ந்திருந்தேன். பெண்ணின் அப்பா கிளம்பும்போது என்னைத் தேடி வந்தார். திட்டவில்லை. தாம்பூலப் பையை மட்டும் கையில் கொடுத்துவிட்டு வேனில் ஏறினார். அது திட்டைவிடப் பெரிதாக இருந்தது.

அன்று மதியம் ஆபீசில் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். பயந்து பயந்து, இன்னொரு ஃபைலில் இருந்த விவரங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தேன். கல்யாணமா, வேறு விசேஷமா, எத்தனை மணிக்கு வருவார்கள் என்று. அதில் இல்லாததை அந்தந்தப் பார்ட்டிக்கு போன் போட்டுக் கேட்டேன். ஐப்பசியில் ஒரு சனிக்கிழமை மஞ்சள் நீராட்டு விழா. "சாயங்காலம்தான் தம்பி, எங்க ஆளுங்கலாம் வேலைக்கு போயிட்டுதான வருவாங்கோ?" என்றார் அந்த அம்மா. பக்கத்து ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். இரண்டும் சிவப்பு. இன்னொரு வாசல், இன்னொரு வேன், இன்னொரு பெண் ஜன்னல் ஓரம். முதல் நாள் நடந்ததைவிட அந்த நிமிஷம்தான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. யாரும் கத்தாமல், சத்தமே இல்லாமல், அது அங்கே எட்டு வாரம் தள்ளிக் காத்துக்கொண்டிருந்தது. நல்லவேளை, நாள் இருந்தது. அந்த அம்மா விழாவைக் காலையில் வைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்.

சென்னை நண்பனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கிண்டல் செய்யவில்லை. "அந்தப் பொண்ணுக்கு கல்யாணம் ஆச்சில்ல?" என்றுதான் முதலில் கேட்டான். பிறகு அந்த வாரம் முழுக்க தினமும் போனில் உட்கார்ந்து என்னோடு புரோகிராமை மாற்றி எழுதினான். இப்போது ஒவ்வொரு புக்கிங்கும் எந்த நாள் எந்த மணிக்கு ஆரம்பித்து, எந்த நாள் எந்த மணிக்கு முடிகிறது என்று சின்ன டேட்டாபேசில் இருக்கிறது. இரண்டு புக்கிங் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் அது சேமிக்கவே விடாது. ஃபைல் முன்பைவிடப் பல மடங்கு பெரியது. அந்தப் பழைய மெஷின் அதையும் சுமந்துகொண்டு அதே வேகத்தில்தான் ஓடுகிறது. இத்தனை நாள் எந்தப் பாரத்துக்குப் பயந்தேன் என்று நினைத்தால் எனக்கே ஆச்சரியமாக இருக்கிறது.

ஓனர் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பத்து நாள் கழித்து வந்தார். மேனேஜர், பேரன் பிறந்த மிட்டாயோடு பக்கத்தில் நின்றார். நான் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். மில் முதலாளிக்கு நான் கொடுத்த வாக்கையும் சொன்னேன். குவித்த நெல் உள்ளே சூடேறி நிறம் மாறியிருந்தது. அதை விலை குறைத்துத்தான் தள்ள முடிந்தது.

"யார கேட்டுடா மண்டபம் பாத்துக்கும்னு சொன்ன?"

"யாரையும் கேக்கல சார்."

"கேட்டிருந்தா நான் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப அந்தக் கல்யாணம் நின்னுருக்கும்" என்று அவரே சொல்லிக்கொண்டார். அப்புறம் செக் புக்கை எடுத்துவரச் சொன்னார். என்னைப் போகச் சொல்லவில்லை.

இப்போது வேறு இரண்டு மூன்று கடைகளுக்கும் நான் புரோகிராம் எழுதிக் கொடுக்கிறேன். எதை எப்படிச் சேமிப்பது என்று முடிவு செய்வதற்கு முன் அவர்களோடு ஒரு நாள் முழுக்கப் போய் உட்கார்ந்துவிடுகிறேன். அவர்களுக்கு ஒரு நாள் எப்போது ஆரம்பித்து எப்போது முடிகிறது என்று பார்த்த பிறகுதான் கீபோர்டைத் தொடுகிறேன். ரிசப்ஷன்காரர்களுக்குத் திருப்பிக் கொடுத்த வாடகை நாற்பத்தைந்தாயிரம், பந்தலுக்கும் லைட்டுக்கும் ஜெனரேட்டருக்கும் முப்பத்தெட்டாயிரம், கெட்டுப்போன நெல்லுக்கு இருபத்தேழாயிரத்து ஐந்நூறு. நான் இப்படிப் போய் உட்காரக் கற்றுக்கொள்வதற்கு அந்த மண்டபம் கொடுத்த விலை, ஒரு லட்சத்துப் பத்தாயிரத்து ஐந்நூறு ரூபாய்.